கார்டு துளசிங்கத்தின் கழுத்து

அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போய்வந்த நாளிலிருந்து புருஷன் தன்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்று ஜெயக்கொடிக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

அந்தக் கல்யாணம் 1988ஆம் வருஷம் தை மாதம் நடந்தது. செம்பாக்கத்தில் அவர்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளித்தான் அண்ணன் ஜெயவேலுவின் வீடு. ஆனால் எட்டு வருஷமாக இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து கிடையாது. ஜெயக்கொடியின் அப்பா காரியத்தன்று, பந்தியில் ஏதோ பேச்சு வளர்ந்து, ஜெயவேலு அத்தனை பேர் எதிரிலும், "ரயிலுக்குப் பின்னாடி நின்னுகினு கொடி ஆட்றவனுக்கு இன்னா தெரியும்?" என்று சொல்லிவிட்டார். துளசிங்கம் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, இலையை மடிக்காமலே வெளியே வந்தார். தாம்பரத்துக்கும் பீச் ஸ்டேஷனுக்கும் ஓடும் மின்சார ரயிலில் அவர் கார்டு. அந்த வேலையை அவர் வெள்ளைச் சட்டையின் மடிப்பு கலையாமல் செய்பவர். அதன் பிறகு மச்சான் வீட்டு வாசலை அவர் மிதிக்கவில்லை. தங்கள் ஒரே மகளின் கல்யாணத்தில்கூட தாய்மாமன் மாலையை ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர்தான் போட்டார். அன்றைக்கு ஜெயக்கொடி சமையல்கட்டில் நின்று அழுததை யாரும் பார்க்கவில்லை.

இப்போது அண்ணனே பத்திரிகையோடு வந்து கேட்டுக்கு வெளியே நின்றபோது அவளால் மறுக்க முடியவில்லை. துளசிங்கத்திடம் சொன்னாள். "உன் அண்ணன் வூடு. போய்ட்டு வா. எனக்கு டூட்டி கீது" என்றார்.

போய்வந்தாள். பட்டுப்புடவை மாற்றாமல் கூடத்தில் நின்று, "பொண்ணு லட்சணமா இருந்துச்சுங்க" என்றாள். நாற்காலியில் இருந்தவர், "சரி" என்றார். முகம் எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே இருந்தது.

பிறகு ஒவ்வொன்றாக அவள் கண்ணில் படத் தொடங்கியது. சமையலறையிலிருந்து கூப்பிட்டால் பதில் வரும், தலை திரும்பாது. சாப்பிடும்போது நேராகப் பார்த்தே சாப்பிட்டார். கட்டிலை விட்டு முன்கூடத்தில் பாய் போட்டு, தலையணைகூட இல்லாமல் படுத்தார். ஒருநாள் காப்பி டம்ளரைத் தரையில் போட்டார். அவள் வேறு காப்பி கலந்து வந்தபோது, "வேணாம்" என்று சொல்லிவிட்டு டூட்டிக்குக் கிளம்பிவிட்டார். எட்டு வருஷமாக அண்ணன்மேல் இருந்த கோபம் இப்போது தன்மேல் இறங்கியிருக்கிறது என்று அவள் முடிவு கட்டினாள்.

எல்லாவற்றையும்விட அவளை வாட்டியது வேறொன்று. வீட்டில் உட்கார்ந்தால் வலது கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொள்வார். குடி முழுகியவன் மாதிரி.

"தலையில கைய வெச்சுகினு உக்காராதீங்க. நல்லா இருக்குற வூட்ல இன்னா இது?" என்றாள் ஒரு சாயங்காலம்.

"சும்மாதான்" என்று கையை எடுத்தார். அவள் விளக்கேற்றிவிட்டுத் திரும்புவதற்குள் கை மறுபடி தலைக்குப் போயிருந்தது. என்னைக் கட்டிக்கொண்டதற்குத்தான் இப்படித் தலையில் கை வைக்கிறாரோ என்று நினைத்துக்கொண்டு, அவள் உள்ளே போனாள்.

பக்கத்து வீட்டுப் பொன்னியம்மாளும் தன் பங்குக்கு ஒன்று சொன்னாள். "இன்னா ஜெயா, உங்க வூட்டுக்காருக்கு ப்ரமோஷன் எதுனா வந்துச்சா? எங்க வூட்டுக்காரு நேத்து டீக்கடையாண்ட கை தூக்கினாராம். நேராப் பாத்துகினு போய்ட்டாராம். தெருவுல எல்லாரும் தலைக்கனம்னு பேசிக்கிறாங்க."

"அவரு அப்படிப்பட்டவரு இல்லக்கா" என்றாள் ஜெயக்கொடி. சொல்லும்போதே, எப்படிப்பட்டவர் என்று தனக்கே இப்போது தெரியவில்லையே என்று மனம் கலங்கியது.

வீட்டில் முகம் கொடுக்காத மனுஷன் வெளியே எப்படி இருக்கிறார் என்று பார்த்துவிட வேண்டும் போலிருந்தது அவளுக்கு. மற்றவர்களிடம் சிரித்துப் பேசினால், கோபம் தன்மேல்தான் என்று உறுதியாகிவிடும். அடுத்த வெள்ளிக்கிழமை காலை, ரவிக்கைத் துணி வாங்குவதாக ஒரு காரணத்தைத் தனக்கே சொல்லிக்கொண்டு, தாம்பரம் ஸ்டேஷனில் அவர் கொண்டுபோகும் வண்டியில் ஏறினாள். கடைசிப் பெட்டியில், கார்டு அறையை ஒட்டி, நடைமேடைப் பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் அவர் வேலை செய்வதை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

சானடோரியத்தில் வண்டி நின்றது. கார்டு அறையின் வாசலிலேயே நின்று, தலையை நீட்டி, வண்டி நெடுக ஒரு பார்வை பார்த்தால் போதும். மற்ற கார்டுகள் அப்படித்தான் செய்வார்கள். துளசிங்கம் கம்பியைப் பிடித்து நடைமேடையில் இறங்கினார். முழு உடம்பையும், கதவைத் திருப்புவது போல, வண்டியின் முன்பக்கம் திருப்பினார். பார்த்தார். மறுபடி உடம்பு முழுக்கத் திரும்பினார். ஏறினார். மணி இரண்டு தடவை அடித்தது. வண்டி நகர்ந்தது.

குரோம்பேட்டையிலும் அப்படியே. பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு வந்த கூட்டம். கூடையும் கோழியுமாக ஜனங்கள் இறங்கவும் ஏறவும் ஒரே நெரிசல். துளசிங்கம் இறங்கி நின்று, இடது பக்கம் ஒருமுறை, வலது பக்கம் ஒருமுறை உடம்பைச் சுழற்றிப் பார்த்தார். ஓடிவந்த ஒரு கிழவி ஏறி உள்ளே நகரும்வரை காத்திருந்தார். அவர் கண்ணில் அலட்சியம் கொஞ்சமும் இல்லை. ஆனால் பல் கடித்திருந்தது. வெள்ளைக் காலர் வியர்வையில் நனைந்து கழுத்தோடு ஒட்டியிருந்தது. மாசி மாதக் காலை, அப்படி வியர்க்கும் வெயில் இன்னும் வரவில்லை.

சைதாப்பேட்டையில் வலது கையிலிருந்த பச்சைக் கொடி நழுவிக் கீழே விழுந்தது. அது காலடியில்தான் கிடந்தது. அவர் குனியவில்லை. கீழே பார்க்கவும் இல்லை. காலால் தரையைத் துழாவினார், இருட்டில் செருப்பைத் தேடுகிறவர் மாதிரி. அந்தப் பக்கமாக வந்த ஒருவர் கொடியை எடுத்துக் கையில் கொடுத்தார். துளசிங்கம் அதை இடது கையில் வாங்கிக்கொண்டு, வலது கையை ஒரு நொடி தலைமேல் வைத்தார். கண்ணை மூடித் திறந்தார். பிறகு ஏறினார்.

ஜெயக்கொடிக்கு அப்போது எல்லாம் விளங்கிவிட்டது. டம்ளர், பாய், சுவரைப் பார்த்த முகம், தலைமேல் கை. இது கோபம் இல்லை, நோவு. இத்தனை நாள் ஒரே கூரைக்கடியில் இருந்துகொண்டு நோவைக் கோபம் என்று நினைத்தோமே என்று நொந்தபடி, தலையில் இருந்த முந்தானையை இறக்கிவிட்டாள்.

மாம்பலத்தில் இறங்கி நேரே கார்டு அறையின் முன்னால் போய் நின்றாள். அவர் நெட்டை, அவள் அவருடைய மார்பு உயரம்தான். பக்கத்தில் நின்றவளைப் பார்க்க அவருக்குத் தலை குனிய வேண்டும், குனிய முடியவில்லை. புடவை நிறம் மட்டும் தெரிந்திருக்கும். "யாரு?" என்றார்.

அவள் நாலடி பின்னால் தள்ளி நின்றாள். இப்போது தலை அசைக்காமலே அவரால் அவளைப் பார்க்க முடிந்தது.

"நீ எங்க இங்க?"

"டூட்டி முடிச்சு நேரா வூட்டுக்கு வாங்க" என்றாள். "எங்கயும் நிக்காதீங்க."

அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். வண்டி கிளம்ப வேண்டிய நேரம். ஏறி மணியடித்தார். வண்டி போய் மறையும்வரை அவர் முகம் அவளைப் பார்த்தபடியே இருந்தது. திருப்பிக்கொள்ள அவரால் முடியாது என்பது இப்போது அவளுக்குத் தெரியும்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, அவர் நேர்ப்பார்வையில் தரையில் உட்கார்ந்தாள். அங்கே தன்னை அவருக்குச் சரியாகத் தெரியவில்லையென்று எழுந்து முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எவ்ளோ நாளா?"

"ஆடி மாசத்துலேர்ந்து" என்றார். "மொதல்ல பிடிப்புன்னு நெனச்சேன். அப்புறம் தோள்ல எறங்கி, கை வழியா கட்டைவிரல், ஆள்காட்டி விரல் வரைக்கும் சுருக்சுருக்குனு ஊசி குத்துது. ரெண்டு விரலும் மரத்துப் போவுது. கையத் தூக்கித் தலைல வெச்சா மட்டும் கொஞ்சம் விடுது."

"என்னாண்ட சொல்லக் கூடாதா?"

"எங்கப்பாக்கு இப்படித்தான் கை மரத்துது. அப்புறம் ஒரு பக்கமே விழுந்துடுச்சு. அதுவா இருந்தா இன்னா பண்றது? ஒரு வைத்தியருகிட்ட போனேன். எண்ணெய் போட்டுத் தேச்சுட்டு, தலையப் புடிச்சு ஒரு சொடக்கு எடுத்தா சரியாப் பூடும்னு கிட்ட வந்தான். ஓடியாந்துட்டேன். டாக்டர்கிட்ட போனா, கார்டு வேலைக்கு லாயக்கு இல்லைனு எழுதிடுவாங்க ஜெயா. கொடி ஆட்றவன்னு உங்கண்ணன் சொன்னான். இப்ப அதுவும் கெடையாதுன்னா நான் யாரு?"

ஜெயக்கொடி அவருடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, அந்த இரண்டு விரல்களையும் நீவிவிட்டாள். "நான் கல்யாணத்துக்குப் போனேன்னு உங்களுக்கு என்மேல கோவம்னு நெனச்சுகினு இருந்தேன்."

"கோவமா? எதுக்கு? உன் அண்ணன் பொண்ணு கல்யாணத்துக்கு நீ போவாம யாரு போவாங்க?" என்று சொல்லி அவர் சிரித்தார். சிரித்தது கழுத்தில் பிடித்துக்கொண்டது. "சிரிக்கவும் முடியல பாரு" என்றார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

திங்கட்கிழமை ரயில்வே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எலும்பு டாக்டர் வேதசிரோமணி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். துளசிங்கத்தின் கையை மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார். ஊசியால் விரல்களைத் தொட்டுப் பார்த்தார். முழங்கைக்கு மேலும் முழங்காலிலும் சின்னச் சுத்தியலால் தட்டினார். கோடு போட்ட மாதிரி நேராக நடக்கச் சொல்லிக் காலைக் கவனித்தார். தன் அப்பாவுக்கு வந்ததைத் துளசிங்கம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"தலைமேல கை வச்சா வலி குறையுதா?" என்று அவராகவே கேட்டார்.

"ஆமா சார்."

"கையை மேல தூக்கினா நரம்பு மேல இருக்கிற இழுப்பு விடும். அதான்." ஜெயக்கொடி தலையைக் குனிந்துகொண்டாள்.

எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். "கழுத்துல ஏழு எலும்பு. ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல மெத்தை மாதிரி ஒரு வில்லை இருக்கும். மேல ரெண்டுக்கு நடுவுல மட்டும் கிடையாது. டிஸ்க்குனு சொல்றது அதைத்தான். சின்ன வயசுல அதுல நீர் நிறைய இருக்கும். அமுக்கினா அமுங்கும், விட்டா எழும்பும். வயசு ஏற ஏற நீர் வத்தி, காஞ்சு தட்டையாயிரும். எல்லாருக்கும் நடக்கிறதுதான். சிலருக்கு அது தெரியவே தெரியாது. வில்லை படத்துல விழாது. எலும்புக்கு நடுவுல எவ்வளவு இடம் இருக்குன்னு பாத்துக் கண்டுபிடிக்கணும். இங்க பாருங்க, நல்ல இடம் இருக்கு. இங்க, அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல பாருங்க."

அந்த இரண்டு எலும்பும் ஒட்டாத குறையாக இருந்தன. ஓரத்தில் கிளி மூக்கு மாதிரி ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது.

"வில்லை தேஞ்ச இடத்துல எலும்பு இப்படி முள்ளு விடும். அது கைக்குப் போற நரம்பை இடிக்குது."

துளசிங்கம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு பெட்டிக்கு நடுவுல பஃபர் தேஞ்சு போச்சு. பெட்டியும் பெட்டியும் இடிச்சுக்குது. அப்படித்தானே சார்?"

"அப்படியேதான். இனிமே ரயில்வேக்காரங்களுக்கு நானும் இதையே சொல்லிக்கிறேன்" என்று டாக்டர் சிரித்தார்.

"நின்னுகினே போற வேலையாலதான் இப்படி ஆச்சா சார்?" என்று ஜெயக்கொடி கேட்டாள்.

"அதனாலதான்னு சொல்ல முடியாதும்மா. ஆபீஸ்ல ஃபேனுக்குக் கீழ உக்காந்திருக்கிறவங்களுக்கும் வருது. ஏற்கெனவே தேஞ்ச கழுத்துக்கு வண்டி ஆட்டம் ஒத்துக்காது, அவ்வளவுதான்."

"புது வில்லை வளருமா?"

"வளராது. ஆனா வலி குறையும். பெரும்பாலும் நல்லாவே குறையும். இப்ப நரம்பு கோபமா இருக்கு. அந்தக் கோபம் அடங்க ஆறு வாரமோ, ரெண்டு மாசமோ ஆகும். இது உங்க அப்பாவுக்கு வந்த மாதிரி பக்கவாதம் இல்ல."

ஜெயக்கொடி புன்னகைத்தாள். என்னம்மா என்றார் டாக்டர். "ஒண்ணுமில்ல சார். கோவம் யாருக்குன்னு இப்பத்தான் தெரிஞ்சுது" என்றாள். துளசிங்கத்துக்கு மட்டும் புரிந்தது.

டாக்டர் மாத்திரை எழுதினார். கழுத்துக்குப் பட்டை கொடுத்து, "மூணு வாரத்துக்கு மேல போடாதீங்க, பழகிட்டா கழுத்துச் சதை சோம்பேறியாயிரும்" என்றார். சொடக்கு எடுக்கிறேன், முறுக்கிவிடுகிறேன் என்று யார் வந்தாலும் தலையைக் கொடுக்கக் கூடாது என்றார். நடக்கும்போது கால் தள்ளாடினாலோ, சட்டைப் பித்தான் போட முடியாமல் கை தடுமாறினாலோ, சிறுநீர் தன்னையறியாமல் போனாலோ, மறுநாள் என்று தள்ளாமல் அன்றே வர வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். ஜெயக்கொடி அதைத் திருப்பிச் சொல்லிக் காட்டினாள்.

சிக் லீவில் அவர் வீட்டில் இருந்த அந்த நாட்கள் ஜெயக்கொடிக்குப் புதுசாக இருந்தன. பழைய பருத்திப் புடவையை மடித்துத் தைத்து, உயரம் அதிகமில்லாத ஒரு தலையணை செய்தாள். கட்டிலுக்கு அவரைத் திரும்பவும் கூட்டிவந்தாள். வலி கொஞ்சம் தணிந்த பிறகு ஆஸ்பத்திரியில் ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். அவர் நெற்றியில் அவள் உள்ளங்கையை வைக்க வேண்டும். அவர் தலையால் முன்பக்கம் தள்ள வேண்டும், அவள் விட்டுக்கொடுக்கக் கூடாது. தலையும் அசையாமல் கையும் அசையாமல் பத்து எண்ண வேண்டும். பிறகு பின்தலையில், பிறகு இரண்டு காதுக்கு மேலும். முதல் நாள் இருவருக்கும் கூச்சம். பகல் வெளிச்சத்தில், கூடத்தில், இத்தனை கிட்டத்தில் முகத்தோடு முகம் பார்த்து எவ்வளவு வருஷம் ஆகியிருந்தது.

"எண்ணு" என்றார் அவர்.

"எண்றேன். நீங்க நல்லாத் தள்ளுங்க. சோறு துன்னலயா?"

ஏழு வரை எண்ணியதும் இருவருக்கும் சிரிப்பு வந்து, முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

கழுத்தை இழுத்துவிடும் சிகிச்சை ஒன்றும் இருந்தது. தாடையில் பட்டை மாட்டி, கயிற்றை மேலே கப்பி வழியாக விட்டு, மறுமுனையில் எடை கட்டித் தொங்கவிடுவது. தினமும் அவ்வளவு தூரம் ஆஸ்பத்திரிக்குப் போய்வருவதே கழுத்துக்குக் கேடு என்று, வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லி முறையைக் காட்டிக்கொடுத்தார்கள். கப்பியும் கொக்கியும் வேண்டும். செம்பாக்கத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பது ஜெயவேலுதான். ஜெயக்கொடி யோசிக்காமல் அங்கே போனாள்.

"எதுக்கும்மா கப்பி? வூட்ல கெணறு கூட இல்லியே" என்றார் அண்ணன்.

அவள் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள், கொடி விழுந்ததையும் சேர்த்து.

ஜெயவேலு கப்பியை அவள் கையில் கொடுக்கவில்லை. கடையை ஆளிடம் விட்டுவிட்டு, கப்பி, கொக்கி, துளைபோடும் மிஷின் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே வந்தார். கேட்டைத் தாண்டும்போது ஒரு நொடி நின்று, பிறகு உள்ளே வந்தார்.

துளசிங்கம் கழுத்துப் பட்டையோடு நாற்காலியில் இருந்தார். வந்தது யாரென்று பார்த்தார். பிடிக்காதவன் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவரால் அதுவும் முடியாது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தபடி இருந்தார்கள்.

"வா மச்சான்" என்றார் துளசிங்கம் கடைசியில்.

ஜெயவேலு கதவு நிலையில் அளவெடுத்தார். துளை போட்டார். கொக்கியை முறுக்கி ஏற்றி, தன் முழு எடையையும் கொடுத்துத் தொங்கிப் பார்த்தார். துணிப்பையில் மணலைப் போட்டுக் கடைத் தராசிலேயே நிறுத்துக் கொண்டுவந்திருந்தார். "மூணு கிலோவா சொன்னாங்க மாப்ளே? ஒரு பிடி கூட அதிகமில்ல" என்றார். நாற்காலியை நிலைக்கு அடியில் நகர்த்தி, கழுத்துப் பட்டையைக் கழற்றி, தாடைப் பட்டையை மாட்டிவிட்டு, மணல் பையைக் கையில் தாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக, பச்சைக் குழந்தையைத் தொட்டிலில் விடுவது போல விட்டார். கயிறு இறுகியது. துளசிங்கத்தின் முகத்தில் பல மாதமாக இருந்த ஒரு இறுக்கம் தளர்ந்தது.

"எப்படி கீது?"

"எறங்குது மச்சான். கையில குத்தறது எறங்குது."

ஜெயவேலு அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தார். தன் உள்ளங்கையைப் பார்த்தபடி, "அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது மாப்ளே. அப்பா போன துக்கம்னு சொல்லிக்கலாம். ஆனா வாய்க்கொழுப்புதான்" என்றார். "என் பொண்ணு கல்யாணத்துல உன் எடம் காலியா கெடந்துச்சு. ஜெயா பக்கத்துல யாரையும் உக்கார வுடல நான்."

தாடைப் பட்டை இறுகியிருந்ததால் துளசிங்கத்துக்கு வாய் முழுக்கத் திறக்கவில்லை. கண்ணில் நீர் வழிந்தது. அதைத் துடைக்கக் குனியவும் முடியாமல், மறைக்கத் திரும்பவும் முடியாமல், அப்படியே உட்கார்ந்திருந்தார். ஜெயக்கொடி முந்தானையால் துடைத்துவிட்டாள். பதினைந்து நிமிஷம் முடிகிறவரை ஜெயவேலு அந்த இடத்தை விட்டு அசையவில்லை. அதற்குப் பிறகு தினமும் அந்த நேரத்துக்கு வந்து மணல் பையைத் தாங்கி விடுவது அவர் வேலையாயிற்று.

இரண்டு மாதத்தில் முக்கால்வாசி வலி போய்விட்டது. கட்டைவிரலில் மட்டும் லேசான மதமதப்பு தங்கிவிட்டது. வேலைக்குத் தகுதிப் பரிசோதனை வந்தது. டாக்டர் வேதசிரோமணி இடது பக்கம் திரும்பச் சொன்னார், வலது பக்கம் திரும்பச் சொன்னார். துளசிங்கம் திரும்பினார். இரண்டு மாதமாக ஜெயக்கொடியின் கையைத் தள்ளித் தள்ளிப் பழகியது வீண்போகவில்லை. டாக்டர் பேனாவை எடுத்தார். துளசிங்கம் விரும்பியிருந்தால் அத்தோடு விஷயம் முடிந்திருக்கும்.

"சார்" என்றார். "ஒரு தடவை திரும்ப முடியுது. இடது பக்கம் முழுசா வரல. ஒரு டூட்டில நூறு தடவை திரும்பணும். நூறாவது தடவை முடியலைன்னா, பொட்டி வாசல்ல கால் வெச்சுகினு ஒருத்தி இருப்பா."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "நீங்களே சொல்றீங்களா?"

"நானேதான் சொல்றேன்."

அவரைத் தாம்பரம் ஸ்டேஷனில் அறிவிப்பு அறைக்கு மாற்றினார்கள். ரயில் வரும் நேரத்தையும் நடைமேடையையும் மைக்கில் சொல்கிற வேலை. கொடியையும் விசிலையும் ஒப்படைத்துவிட்டு வந்த அன்று அவர் சாப்பிடவில்லை. ஜெயக்கொடி வற்புறுத்தவும் இல்லை, தேற்றவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நேரம் கழித்து அவரே, "கொடி போனா போவுது. வூட்ல ஒரு கொடி கீது" என்றார். ஜெயக்கொடிக்குக் காது சிவந்துவிட்டது. இந்த வயதில் பேசுகிற பேச்சா என்று எழுந்து போய் ரசத்தைச் சூடுபண்ணினாள்.

முதல் சில மாதங்கள் அவருக்கு அந்த வேலை ஒட்டவில்லை. மைக்கின் முன் குனிந்து பேசினால் கழுத்து பிடிக்கிறது என்று, மைக்கையே வாய் உயரத்துக்குத் தூக்கிக் கட்டச் சொன்னார். பிறகு மெல்ல மெல்லப் பிடித்துப்போயிற்று. "ஓடிவந்து ஏறாதீங்க, பத்து நிமிஷத்துல அடுத்த வண்டி வருது" என்று, யாரும் எழுதிக் கொடுக்காத ஒரு வரியையும் கடைசியில் சேர்த்துச் சொல்வார். மேலதிகாரி ஒருவர் ஏனென்று கேட்டதற்கு, இருபது வருஷம் ஜனங்கள் ஓடிவருவதைப் பார்த்தவன் சார் என்றார்.

நோய் போய்விடவில்லை. ஐப்பசி மழையில் தலைகாட்டும், எடை தூக்கினால் தலைகாட்டும். அப்போது கழுத்துப் பட்டை ஒரு வாரம் வெளியே வரும், பிறகு பெட்டிக்குள் போகும். ஏரிக்கரையில் நடக்கும்போது ஜெயக்கொடி எப்போதும் அவருடைய வலது பக்கம் நடந்தாள், அவருக்குத் திரும்ப வருகிற பக்கம் அது. முக்கியமாக ஏதாவது சொல்ல வேண்டுமானால் நாலடி முன்னால் போய்த் திரும்பி நின்று சொல்வாள். தெருவில் யாரும் தலைக்கனம் என்று பேசவில்லை. பொன்னியம்மாளே எல்லாருக்கும் டிஸ்க் என்றால் என்னவென்று விளக்கிக்கொண்டிருந்தாள், கொஞ்சம் தப்பும் தவறுமாக.

1993ஆம் வருஷம் கோடை விடுமுறைக்கு ஆவடியிலிருந்து மகள் வந்திருந்தாள், நாலு வயதுப் பெண் குழந்தையோடு. வெயில் தாழ்ந்த பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜெயக்கொடி மொட்டைமாடிக்குப் போனாள். துளசிங்கமும் பின்னாலேயே படியேறி வந்தார். தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய ஒரு சின்ன விமானம் தலைக்கு மேலே வட்டமடித்துக்கொண்டிருந்தது.

"தாத்தா, மேல பாரு, மேல பாரு" என்று குழந்தை அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தது.

"தாத்தாவால மேல பாக்க முடியாது கண்ணு" என்றாள் ஜெயக்கொடி. "கழுத்துல நோவு."

குழந்தை நம்பாமல் அவர் முகத்தைப் பார்த்தது. மேலே பார்க்க முடியாத மனிதர் ஒருவர் உலகத்தில் இருப்பார் என்று அதற்குத் தெரியாது. துளசிங்கம் கொஞ்சம் யோசித்தார். தோள்துண்டை உதறித் தரையில் விரித்தார். சுவரைப் பிடித்து மெல்ல உட்கார்ந்து, ஒருபக்கமாகச் சாய்ந்து, பிறகு மல்லாக்கப் படுத்தார். மடித்த கையைத் தலைக்கடியில் மெத்தையாக வைத்துக்கொண்டார்.

"இப்ப தெரியுது" என்றார்.

குழந்தை ஓடிப்போய் அவர் பக்கத்தில் படுத்தது. "பாட்டி, நீயும்" என்றது.

"மாடில போய் படுத்துகினு கெடந்தா தெருவுல இன்னா நெனப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே ஜெயக்கொடி அவருடைய வலது பக்கம் படுத்தாள். பகலெல்லாம் காய்ந்த தளம் முதுகுக்கு இதமான சூடாக இருந்தது. விமானம் ஏரிப் பக்கம் சாய்ந்து திரும்பி மறுபடி வந்தது. அதற்கும் மேலே, மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பிய இன்னொரு பெரிய விமானம் சாயங்கால வெயிலில் பளபளத்துக்கொண்டு போயிற்று. குழந்தை இரண்டுக்கும் விரல் நீட்டியது.

"வானத்தப் பாத்து அஞ்சு வருஷம் ஆச்சு ஜெயா" என்றார் துளசிங்கம்.

"சொல்லியிருந்தா அப்பவே பாய் எடுத்தாந்து போட்டிருப்பேன்" என்றாள் அவள்.

மறுநாள் சாயங்காலம் பாயும், அந்தத் தட்டைத் தலையணையும் மாடிக்கு வந்தன.